மூன்று வீடு ஆமாம் சொன்னால்

காலை ஒன்பது மணிக்குக் கணினியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது, புதிதாக வந்த குறிச்சொற்களின் பட்டியலை. அன்றைக்கு முப்பத்தோரு வரிகள் இருந்தன. பதினெட்டாவது வரியில் நான் இருந்தேன்.

களமருதூரில் நடந்த என் பெரியம்மா மகளின் கல்யாண வீடியோ அது. மணப்பெண்ணுக்கு இடப்பக்கம் பச்சைப் புடவையில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறேன். என் முகத்தைச் சுற்றி யாரோ ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். கட்டத்துக்குக் கீழே "எங்க வூட்டு மருமக" என்று எழுதியிருந்தது. எழுதிய வீடு சின்னசேலத்தில் இருந்தது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நிச்சயமும் ஆகவில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அவர்கள் போன பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். அவ்வளவுதான் நடந்தது.

பழக்கத்தில் நான் முதலில் சரிபார்த்தது மற்றதை எல்லாம்: தேதி, நேரம், எந்தக் கணக்கு, எந்த வீடியோ, எத்தனையாவது நிமிடம். எல்லாம் சரியாக இருந்தது. ப்ரோக்ராமில் எந்தக் கோளாறும் இல்லை. நான் எழுதியபடியே அது வேலை செய்திருந்தது.

சேலத்தில் கணினிப் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒரு பொங்கலுக்கு வந்தபோது அம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு மாதம் அனுமதி வாங்கினேன். அது மூன்று மாதமானது. கம்பெனி திரும்ப வரச் சொன்ன நேரத்தில் அம்மா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாள். ஆனால் என் பெட்டி பரண்மேல் ஏறியிருந்தது. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. பெட்டியை இறக்கித் தரத்தான் யாரும் வரவில்லை. வயது இருபத்தாறு ஆகிறது, இங்கேயே ஏதாவது வேலை இருந்தால் பார்க்கலாமே என்றார் அப்பா.

அந்த ஏதாவது, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு வீடியோ ஸ்டுடியோ. எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் படம் எடுத்தவர்தான் அதன் முதலாளி. நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார், கோபம் வந்தால் மேடம் என்பார். இருபது வருடத்துக்கு மேல் எடுத்த கேசட்டுகள் அவரிடம் இருந்தன. கல்யாணம், காதுகுத்து, தேர், பள்ளி ஆண்டு விழா, மலைமேல் நடக்கும் கோயில் திருவிழா. அவற்றை எல்லாம் கணினிக்கு மாற்றி, யாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தார். பார்க்கலாமே தவிர, எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தேடி வருகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே விஷயம். இறந்துபோன அப்பாவோ அம்மாவோ நடப்பது போல, சிரிப்பது போல ஏதாவது இருக்குமா என்று. சொந்த வீட்டில் ஒரு போட்டோ இருக்கும், சட்டம் போட்டு மாலை மாட்டியது. அசைகிற படம், வேறு யாருடைய கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்து இலையை இழுத்துவிட்டுக்கொள்ளும் நான்கு விநாடியாக எங்கோ கிடக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் செய்து தருவதுதான் என் வேலை. பார்க்கிறவர்களே முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, இவர் யார் என்று எழுத வேண்டும். அதைத்தான் தளத்தில் குறிச்சொல் என்று போட்டோம். எல்லாரும் டேக் என்றார்கள்.

வேலையை எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து செய்தேன். அந்த அறையில் இருந்தவை: ஒரு கட்டில், தையல் மெஷின், மூன்று மூட்டை நெல், எனக்காக வாங்கிவைத்து இன்னும் பிரிக்காத பித்தளைப் பாத்திரப் பெட்டிகள் ஆறு, என் மேசை. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள். வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, ஸ்டுடியோவுக்குப் போவேன். அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுவார், நாலு மணிக்கு வந்து அழைத்துப்போவார். நடந்தால் பதினைந்து நிமிட தூரம்.

முதல் மாதம் என் கணிப்பு எல்லாம் தப்பானது. மக்கள் பெயர் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் பெயர் எழுதவில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் அதை எழுதவும் மாட்டார்கள். பெரியவர் பெயரைச் சின்னவர் எழுதினால் மரியாதை இல்லை. அதனால் எல்லாரும் முறை எழுதினார்கள். அம்மா. மாமா. சின்ன மாமா. பெரியத்தை. ஒரே ஆளுக்கு ஒரு கட்டத்தில் சித்தப்பா, மச்சான், தாத்தா, எங்க வூட்டுக்காரர். நான்கும் உண்மை. மாமா என்று தேடினால் இந்த வட்டாரத்தில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. திருக்கோவிலூர் மண்டபத்தில் எடுத்த ஒரு வீடியோவில் பந்திக்குக் கட்டம் போட்டு "வடை கம்மி" என்று ஒரு வீடு எழுதியது. பெண் வீட்டார் அதற்குக் கீழே, "மூணு தின்னவர்" என்று ஒருவர் முகத்தைக் கட்டம் கட்டினார்கள்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழியை அண்ணா பல பேரிடம் பெருமையாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைச் சேர்த்துச் சேமித்தேன். வெறும் மாமா இல்லை; இந்த வீட்டுக்கு இவர் மாமா. ஒரு வீடு தன் பக்கத்தைத் திறந்தால் அதன் மனிதர்கள் அத்தனை பேரும், அவர்கள் இருக்கும் அத்தனை வீடியோக்களும் வரிசையாக வரும். ஆளுக்கொரு கணக்கு வேண்டாம், வீட்டுக்கு ஒரு கணக்கு போதும் என்றும் முடிவு செய்தேன்.

அந்த முடிவை எடுத்தது வெள்ளிமலையில். மலைக்கிராமங்களில் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று பார்க்க, அண்ணாவும், ஸ்டுடியோவில் வீடியோக்களை வெட்டி ஒட்டி மிக்சிங் செய்யும் அக்காவும், நானும் ஒரு நாள் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினோம். அப்பா யோசித்துத்தான் அனுப்பினார். மேலே நாங்கள் போன ஊரில் ஒரு பாறையின்மேல் நின்றால்தான் சிக்னல் வரும். வீட்டுக்கு ஒரு போன். அது பாறைக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தது. இறங்கும்போது ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார்கள். கீழே சமவெளி முழுதும் தெரிந்தது. எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று அக்கா கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் சொல்லாமல் இருப்பதே நன்றாக இருந்தது.

வந்து விதிகளை எழுதினேன். ஒரு வீடு எழுதுவதை வேறு மூன்று வீடுகள் ஆமாம் என்று அழுத்தினால் அது உறுதியாகும். ஒருவரை முதலில் குறித்த வீடே அவருடைய வீடு. அந்த வீடு இல்லை என்று அழுத்தினால், எத்தனை பேர் ஆமாம் சொல்லியிருந்தாலும் குறிச்சொல் விழுந்துவிடும். மறுக்க முதலில் ஏழு நாள் கொடுத்திருந்தேன். மலைக்காரர்கள் போனைப் பார்க்க நாளாகும் என்பதால் அதைப் பதினைந்தாக்கினேன். பதினைந்து நாளில் அந்த வீடு ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும்.

கடைசி விதியை எழுத எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது என் கட்டத்துக்குக் கீழே பதினைந்து நாள் கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது.

முதல் ஆமாம் களமருதூரிலிருந்து வந்தது. பெரியம்மா வீடு. இரண்டாவது திருக்கோவிலூர் சொந்தம். நான்காம் நாள், பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாத ஒரு வீடு மூன்றாவது ஆமாம் சொன்னது. அதோடு நான் செய்துவைத்த இன்னொரு வசதியும் தன் வேலையைக் காட்டியது. ஒருவர் இன்ன வீட்டு மனிதர் என்று மூன்று வீடு சொல்லிவிட்டால், அவர் இருக்கும் மற்ற வீடியோக்களும் அந்த வீட்டுப் பக்கத்துக்குத் தானாகப் போய்ச் சேரும். சின்னசேலத்து வீட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் வாயைப் பிளந்து அழும் நான். ஆண்டு விழாவில் கும்மியில் தப்பாகத் திரும்பும் நான். கிரகப்பிரவேசத்தில் பாயசம் கொட்டும் நான். வரிசையாக, பழையதிலிருந்து புதியதுவரை, நான் அந்த வீட்டில் குடியேறியிருந்தேன். பித்தளைப் பாத்திரம்தான் இன்னும் போகவில்லை.

அம்மாவுக்கு அது தப்பாகப் படவில்லை. அவர்கள் ஆசையாக எழுதியிருக்கிறார்கள், ஊரில் நாலு பேர் பார்த்தால் நல்லதுதானே என்றாள். கடைக்குப் போன இடத்தில் யாரோ எப்போது பூ வைக்கிறீர்கள் என்று கேட்டதைச் சந்தோஷமாக வந்து சொன்னாள். மிக்சிங் அக்கா போன் செய்தாள். எடுத்ததும், "இன்னா சின்னசேலத்து மருமகளே, சர்வரு உங்க மாமியார் வூட்டுக்கு மாறிடுச்சாமே?" என்றாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரல் மாறியது. "உனக்கு இஷ்டம் இல்லியா?" என்றாள். எனக்கு இஷ்டம் இருக்கிறதா இல்லையா என்று அதுவரை யாரும் அத்தனை நேராகக் கேட்டிருக்கவில்லை. அந்தப் பையன் நல்லவனாக இருக்கலாம், அது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். சொல்லிக் கேட்டபோது அது தெளிவாக இருந்தது.

ஐந்தாம் நாள் மதியம் அப்பா கரும்புக் கொல்லையிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் கேட்டேன். எங்கள் வீட்டுக் கணக்கு அப்பாவின் போனில் இருந்தது. இந்த ஊரில் நானே தொடங்கிய முதல் கணக்கு அது; என்னை முதலில் குறித்ததும் அதுதான்.

"உங்க போன்ல ஒரு கேள்வி வந்திருக்கும்பா. இல்லைன்னு அழுத்திடுங்க."

"பாத்தன். அழுத்தினா இன்னா ஆவும்?"

"நாம ஒத்துக்கலன்னு அவங்களுக்குப் போவும்."

"அதுக்குத்தான் அழுத்தல." அவர் கோபப்படவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார். "நீ யோசிக்கிறன்னு சொன்ன. யோசி. அதுக்குள்ள நான் ஏன் அவங்க மூஞ்சில அடிக்கிறாப்புல அழுத்தணும்? சும்மா வுட்டா அதுபாட்டுக்குக் கெடக்கும்."

"சும்மா வுட்டா பதினஞ்சாம் நாள் ஆமாம்னு ஆயிடும்பா."

"எவன் வச்சான் அப்பிடி ஒரு சட்டம்?"

"நான்தான்."

அப்பா சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "அப்ப நீயே மாத்திக்கம்மா. இதுல போயி என்னைக் கேக்கற" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மாடிக்கு வந்து, என்னால் செய்யக்கூடியதை எழுதிப் பார்த்தேன். ஒன்று, அந்த வரியை நேராக அழித்துவிடலாம்; நிர்வாகியின் கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. இரண்டு, பதினைந்தை நூறாக்கலாம். மூன்று, அப்பா தூங்கும்போது அவர் போனை எடுத்து அழுத்தலாம். மூன்றும் ஐந்து நிமிட வேலை. முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

அழிப்பதற்கு முன், இப்படி வேறு யாருக்காவது நீக்கியிருக்கிறோமா என்று பாக்கி வேலைகளின் பட்டியலைப் பார்த்தேன். எதைச் செய்தாலும் முன்பு எப்படிச் செய்தோம் என்று பார்ப்பது என் வழக்கம். பத்தொன்பதாவது வரி: "வெள்ளிமலைப் பெண், குறிச்சொல் நீக்கக் கோரிக்கை. தனி ஒருவர் கேட்டு நீக்க முடியாது என்று சொல்லப்பட்டது. அவசரம் இல்லை."

அவள் வந்தது நான்கு மாதத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை. என் வயதுதான் இருக்கும். சந்தைக்குப் புளி கொண்டுவந்த புருஷனை வெளியே நிற்கவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். திருவிழா வீடியோவில் அவள் முகத்துக்குக் கீழே ஒரு வீடு "செத்த தம்பி பொண்டாட்டி" என்று எழுதியிருந்தது. அந்தத் தம்பி அவளுடைய முதல் புருஷன். அவர் இறந்து அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. மலையில் அது யாருக்கும் குறை இல்லை. ஆனால் இப்போதைய புருஷன் வீட்டில் எந்தத் திருவிழா வீடியோவைப் போட்டாலும் அவள் பழைய வீட்டுப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எளுதனது பொய்யில்லீங்க. அப்ப அப்பிடித்தான் இருந்தன். இப்ப நான் அங்க இல்ல" என்றாள்.

நான் விதியை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். உங்கள் வீட்டிலிருந்து இல்லை என்று அழுத்தச் சொல்லுங்கள், உடனே விழுந்துவிடும் என்றேன். எந்த வீடு என்று கேட்டாள். கணினியில் பார்த்து, உங்களை முதலில் குறித்தது அந்தப் பழைய வீடுதான், அதனால் அவர்கள்தான் அழுத்த வேண்டும் என்றேன். அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "என்னைய வச்சி எளுதறீங்க, என்னையத்தான் கேக்க மாட்டீங்களா?" என்றாள். சத்தமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல. நான் குறித்துக்கொண்டேன் என்றேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

அந்தப் பத்தொன்பதாவது வரி வந்த நாளிலிருந்து ஒரு இடம்கூட மேலே ஏறவில்லை. ஏற்றியிருக்க வேண்டியவள் நான்தான். இப்போது அதே வேலையை எனக்காக ஐந்து நிமிடத்தில் செய்துகொள்ள உட்கார்ந்திருந்தேன். கையை எடுத்துவிட்டேன். எழுந்துபோய் ஜன்னலருகே நின்றேன். கரும்பு வண்டி ஒன்று சக்கரம் கழன்று நடுரோட்டில் நின்றிருந்தது. பின்னால் வந்த எல்லாரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அது நகர்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாவுக்குப் போன் செய்தேன். படத்தில் இருக்கிறவரே, அவர் எந்த வீடாக இருந்தாலும், தன்னைப் பற்றிய குறிச்சொல்லை மறுக்கும்படி மாற்ற வேண்டும் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஊர்ல இருக்கறவன் எல்லாம் நான் இவனுக்கு மாமன் இல்ல, அவனுக்கு மச்சான் இல்லன்னு ஆரம்பிச்சான்னா நம்ம கடைய மூடிக்கினு போவ வேண்டியதுதான் மேடம்."

அப்படிச் சொல்கிறவர்கள் கம்மியாகத்தான் இருப்பார்கள், ஆனால் அவர்களுக்கு வேறு வழி இருக்காது என்றேன். வெள்ளிமலைப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது.

"இத்த உனக்காகப் பண்றியா தங்கச்சி?"

"எனக்கும் சேத்துதாண்ணா."

"உங்கப்பா என்னைய கேப்பாரே."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். போனில் யாரும் மறுக்கக் கூடாது. நேரில் ஸ்டுடியோவுக்கு வர வேண்டும். அங்கே இருக்கிற ஒருவர் முகத்தையும் படத்தையும் ஒத்துப்பார்த்துச் சரி என்ற பிறகுதான் அழுத்த முடியும். யார் வேண்டுமானாலும் யாராக வேண்டுமானாலும் வந்து மறுத்துவிடக் கூடாது என்றார். அது நியாயம்தான். எனக்குத்தான் அது கடினமாகப் போயிற்று. பதினைந்து நாளுக்குள் ஸ்டுடியோவுக்குப் போக எனக்கு இரண்டு வியாழக்கிழமைகள்தான் இருந்தன. ஒன்று மறுநாளே வந்தது, மறுக்கும் பொத்தானை இன்னும் செய்யாததால் வீணாகக் கழிந்தது. இன்னொன்று பதின்மூன்றாம் நாள்.

நடுவில் இருந்த நாட்களில் வீட்டில் நாள் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. காலண்டரில் இரண்டு தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. சின்னசேலத்தில் அவர்களுக்கு மக்காச்சோள மண்டி. மண்டி வேலை ஓய்ந்த மாதமாக இருந்தால் நல்லது என்று அம்மா யாரிடமோ போனில் சொல்வது படியில் கேட்டது. அப்பா என்னைப் பார்த்தால் வேலை எல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டார். போகிறது என்றேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மறுக்கும் பொத்தானைச் செய்து முடித்து, சோதித்துப் பார்த்த பிறகு, அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. எழுதியது பொய்யில்லை என்றாள். அவளுக்கு "இல்லை" என்ற பொத்தான் உதவாது. அதனால் மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன்: "அப்போது, இப்போது இல்லை." அதை அழுத்தினால் பழைய வீட்டில் அவள் இருந்த வருடங்களின் வீடியோ அங்கேயே இருக்கும், ஆள் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து விடுபடுவாள்.

அவள் தந்த எண்ணுக்கு மூன்று நாள் முயன்றேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகவே சொன்னது. மிக்சிங் அக்காதான் வழி சொன்னாள். வெள்ளிமலைப் பேருந்தின் கண்டக்டரிடம் ஊர் பெயரும் அடையாளமும் சொன்னால் போதும், யாரிடமாவது சொல்லி அனுப்பிவிடுவார் என்றாள். அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். புளி விற்றவர் வீட்டம்மா, வியாழக்கிழமை ஸ்டுடியோவுக்கு வர வேண்டும், எழுதியதை எடுக்கலாம்.

பதின்மூன்றாம் நாள் அப்பா என்னை வழக்கம்போல வாசலில் இறக்கிவிட்டார். நாலு மணிக்கு வருகிறேன் என்றார். பதினொரு மணிக்கு அவள் வந்தாள். இந்தத் தடவை புருஷனும் உள்ளே வந்தான். அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், சரி என்று பதிந்தாள். நான் மூன்று பொத்தான்களையும் படித்துக் காட்டினேன். அவள் மூன்றாவதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு ஆள்காட்டி விரலால், மாவு பதம் பார்ப்பதுபோல, மெல்ல ஒரு முறை தொட்டாள்.

"அவ்வளோதானா?" என்றாள்.

"அவ்வளவுதாங்க."

"இதுக்கா நாலு மாசம்?"

அது எனக்கு வந்த கேள்விதான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்பதற்குள் அவள் புருஷனோடு பேருந்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அடுத்தது நான். கணினிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றேன். அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நீதான் அதுன்னு நான் எப்பிடி நம்பறது? படத்துல இருக்கற பொண்ணு சிரிச்சிக்கினு இருக்குதே."

"அக்கா."

"சரி சரி." சரி என்று பதிந்தாள். அண்ணா வேறு பக்கம் திரும்பி, தேவையில்லாமல் ஒரு கேமரா பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அழுத்துவதற்கு முன் திரையில் ஒரு வாசகம் வந்தது. நானே எழுதியதுதான்: உங்கள் மறுப்பு சம்பந்தப்பட்ட எல்லா வீடுகளுக்கும் தெரிவிக்கப்படும், தொடரலாமா. சம்பந்தப்பட்ட வீடுகள் எவை என்று எண்ணினேன். சின்னசேலம். களமருதூர். திருக்கோவிலூர். பெயர் தெரியாத அந்த வீடு. எங்கள் வீடு. ஐந்து. எண்ணி முடித்ததும் வேறு எண்ணுவதற்கு எதுவும் இல்லை. இல்லை என்பதை அழுத்தினேன்.

கட்டத்துக்குக் கீழே எழுத்து மறைந்தது. பச்சைப் புடவையில் நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன், பழையபடி, யாருடையவள் என்றும் எழுதாமல்.

நாலு மணிக்கு அப்பா வந்தார். சட்டைப் பையில் போன் இருந்தது. செய்தி வந்திருக்கும். பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பதினைந்து நிமிட நடை, பைக்கில் நான்கு நிமிடம். அதற்குள் அவர் பையில் போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் எடுத்துப் பார்த்தார். செய்தியைப் படித்தார். கண்ணாடி இல்லாமல் படிக்க, போனைத் தள்ளிப் பிடித்திருந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"நீதான் அழுத்தினியா?" என்றார் அப்பா.

"ஆமாம்பா."

"நம்ம வூட்டுலருந்து போவலியே. உன் பேர்ல இல்ல போயிருக்குது."

"அப்பிடித்தான் மாத்தினேன். நீங்கதானே மாத்திக்கச் சொன்னீங்க."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். பத்திரிகை அடிக்கிற நேரத்தில், என்று ஆரம்பித்தாள். அப்பா அவளைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. களைப்பு இருந்தது. வழக்கமாகத் தான் செய்ய வேண்டிய ஒன்றை வேறு யாரோ செய்துவிட்டால் ஒரு மனிதர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

போன் மறுபடி அடித்தது. சின்னசேலம். அப்பா ஒரு மணி அடிக்கவிட்டார், இரண்டாவது மணி அடிக்கவிட்டார்.

"நான் இன்னா சொல்றது இவங்களுக்கு?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. பிறகு போனை என்னிடம் நீட்டினார். "உன் பேர்லதான போயிருக்குது. நீயே பேசு."

நான் வாங்கினேன். அது சூடாக இருந்தது. அந்தப் பக்கம் பையனின் அம்மா. அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள், நான் காபி கொடுக்கும்போது கூப்பிட்டுமிருந்தேன். இப்போது அவரை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. இத்தனை மாதம் ஊரில் உள்ள முறைகளை எல்லாம் வரிசைப்படுத்தியவள், ஒரு சொல்லுக்காக மூன்று விநாடி நின்றேன். அவர், எடுத்தது அப்பா என்று நினைத்து, அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் பேசறேங்க" என்றேன். "அப்பா பக்கத்துலதான் இருக்காரு. அழுத்தினது நான்தாங்க."

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார், மெதுவாக, நான் பேசி முடிக்கும்வரை அது கழலக் கூடாது என்பதுபோல.